முத்தாயம்மாள் வாசல் கோலம்

ராசிபுரத்து நெசவாளர் தெருவில் நாய் வளர்ப்பவர்களுக்கெல்லாம் முத்தாயம்மாள் என்றால் கிலி. விடிந்ததும் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அந்த இடத்தில் யார் வீட்டு நாயாவது அசிங்கம் பண்ணிவிட்டால் போச்சு! சாம்பலைத் தூவி, தகரத்தில் அள்ளி, நாய்க்காரர் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டுவாள்.

"நாயைக் கூட்டிக்கிட்டு நடந்தாப் போதுமுங்களா? பின்னாலயே அள்ளத் தெரியாதுங்களா?"

பத்து வருடம் இதே கூத்து. எழுபத்தெட்டு வயதில் அவளே ஒரு நாய்க்குட்டியிடம் மனசைப் பறிகொடுத்தாள். தெரு காத்திருந்தது.

ஒருநாள் காலை, பாவு நீட்டப்போகும் நேரம், குட்டி நட்டநடுத் தெருவில் குந்தியது! தறிச் சத்தம் நின்றது. சனம் திமுதிமுவென்று வெளியே வந்தது. அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்ட கைலாசம் துள்ளிக் குதித்தார்.

"முத்தாயக்கா, ஓடியாங்க! உங்க நாயிங்க!"

வந்தாள். சாம்பலைத் தூவி அள்ளினாள். குப்பைமேட்டுக்குத்தான் போவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சிரிப்பை அடக்கி நின்றார்கள். அவளோ விறுவிறுவென்று நடந்து, தன் வாசலில் அப்போதுதான் போட்டிருந்த கோலத்தின் நடுவில் கொட்டினாள்.

"ஏப்பா கைலாசம், இன்னும் பாவு நீட்டலையா? வெயில் ஏறுதில்ல!"