பட்டறை வாசல் பூவரசு

அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை, திருவாரூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காலங்காலமாகப் பிறர் வயலில் நாற்று நட்ட எங்கள் தெருவுக்கு அது சின்ன விஷயமில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் நான் அதைச் சொல்லிவிடுவேன்.

அவளைப் படிக்கவைத்தவர் அப்பா. நன்னிலம் சாலையோரம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவருக்கு வேலை.

பொங்கலுக்கு வந்த அத்தை, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன என்னோடு பட்டறைக்கு வந்தாள். வாசல் பூவரசைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஓர் இலையைப் பறித்து என் கையில் கொடுத்தாள். நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு. எங்கள் கொல்லைப் பூவரசிலையில் பாதிகூட இல்லை.

"தண்ணி பத்தலையா அத்தை?"

"வாய்க்கா பக்கத்துலதானே ஓடுது. இது ஈயம்டி. மரம் முடிஞ்ச வரைக்கும் அதை வேர்லயே பிடிச்சு வெச்சுக்கும், மேல ஏற விடாது. தாங்க முடியாம போனாத்தான் இலை இப்படி ஆகும்."

இலை, வேர்த்துண்டு, வேரடி மண் என்று பை பையாக எடுத்துக்கொண்டாள். மரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறாள் என்று தெருவே சிரித்தது. எனக்கு அதிலும் பெருமைதான்.

அடுத்த முறை வந்தபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வேரிலும் மண்ணிலும் ஈயம் ஏறியிருக்கிறது, அடிபம்புத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், பட்டறை இங்கே இருக்கக்கூடாது என்றாள். பட்டறைக்காரர் அவளுக்குப் பதில் சொல்லாமல் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, உன் தங்கச்சியே உன் சோத்துல மண்ணள்ளிப் போடுது?"

அப்பா எழுந்தார். கூட்டத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

"அது படிச்சுட்டு வந்து சொல்லுதுங்க. நாளையிலேருந்து நான் வேலைக்கு வரலைங்க."

கூட வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சித்திரைக்குள் அதிகாரிகள் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்பா மெல்லத் தேறி, இன்று குத்தகை நிலத்தில் குறுவை போடுகிறார். ஆனால் எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது கூட்டத்துக்கு மறுநாள் காலைதான்.

அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய அத்தை அவரைத் திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "எங்க அத்தை மரத்துக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிச்சிட்டாங்க" என்று பீற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் வியப்போடு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை அதைக் கவனிக்கவில்லை. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைக்க முடியாமல் நடுங்கிய அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரையே ஜெயித்துவிட்டு வந்தவள் எதற்காக அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.