இரண்டு அங்குலக் குறை

டோனி கல்ஹேன் லிமெரிக் துறைமுகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் மாவு மூட்டை இறக்கியவர். பதினான்கு ஆண்டுகள் சனிக்கிழமை தோறும் ரக்பி ஆடியவர். எண்மர் தோள்கோத்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரம்மில், இரண்டாம் வரிசையின் இடப்பக்கம் அவருடையது. வலப்பக்கம் ஜெர் ஹார்ட்டிகனுடையது. இருவரும் ஒரே உயரம், ஆறடி நான்கு அங்குலம்.

ஜெர் அயர்லாந்துக்காக நாற்பத்தோர் ஆட்டங்கள் ஆடினார். டோனியை ஒருமுறைகூட எவரும் அழைக்கவில்லை. டப்ளினில் கூட்டம் தோளில் தூக்கிக் கொண்டாடினாலும், செவ்வாய்க்கிழமை ஜெர் உள்ளூர்ச் சேற்றுத் திடலுக்குப் பயிற்சிக்கு வந்துவிடுவார். ஸ்க்ரம்முக்குத் தலை குனியுமுன் டோனியிடம் கேட்பார்:

"புடிச்சிக்கிட்டியாடா?"

"புடிச்சிக்கிட்டேன். தள்ளு."

கடைசி நான்கு ஆண்டுகள் ஜெருக்கு நினைவு தப்பியது. மனைவி பிரீடாவையே "நீங்க யாரும்மா?" என்றார். டோனி இடப்பக்கம் அமர்ந்து முதுகில் கை போட்டால் மட்டும், "புடிச்சிக்கிட்டியாடா?" என்று கேட்பார்.

"கட்டின பொண்டாட்டியத் தெரியல, உன் முழங்கை தெரியுது!" என்று பிரீடா சிரிப்பாள். பிறகு தேநீர்க் கோப்பைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

மார்ச் மாதத்தில் ஜெர் இறந்தார். இடப்பக்கம் நின்று அவரைச் சுமக்க வேண்டும். டோனிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்லறைத் தோட்ட வாசலில் சவப்பெட்டி தூக்குவோரை இருவர் இருவராக நிறுத்திய ஈமப்பணியாளர், டோனியிடம் வந்து தயங்கினார். எதிரே நின்ற ஜெரின் மகன் கீயனுக்கு அப்பாவின் உயரம்.

"மன்னிச்சிக்கங்க சார். நீங்க ரெண்டு அங்குலம் குறைச்சல். பெட்டி சாஞ்சிரும்."

"மூட்டையும் ஸ்க்ரம்மும் உன்ன அமுக்கிடுச்சுடா," என்றார் பழைய அணித்தோழர் பேட்ஸி. "இனிமே குள்ளனுங்க ஆடற ஒன்பதாம் நம்பர்தான் உனக்கு. பேசாம பின்னால நடந்து வா."

டோனி சிரிக்கவில்லை, விலகவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூறலில் நின்றார்.

பெட்டியின்மேல் ஜெரின் ஆட்டச் சட்டைகள் இரண்டு கிடந்தன: சிவப்பு கிளப்புடையது, பச்சை அயர்லாந்துடையது. பிரீடா பச்சையை எடுத்து, இரண்டு அங்குலக் கனத்துக்கு மடித்து, டோனியின் வலத்தோளில் வைத்தாள்.

"பிரீடா, இது அவனோடது. நான் போடக்கூடாது."

"போடச் சொல்லல. உனக்கும் ஒண்ணு குடுத்திருக்கணும்னு புத்தி தெளிவா இருந்தவரைக்கும் புலம்பினாரு. தலையக் குனி."

பெட்டி எழுந்தது, சாயவில்லை. டோனி அதன் அடியில் வலக்கையை நீட்டி, கீயனின் தோளை வளைத்து மேலங்கியை இறுகப் பற்றினார். அந்தப் பழைய கேள்வியை எவரும் கேட்கவில்லை.

"புடிச்சிக்கிட்டேன்," என்றார்.

குழியருகே பெட்டியை இறக்கியதும், சட்டையை மடிப்புக் கலையாமல் பிரீடாவிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் தோளில் பச்சை நிறம் இருந்தது அந்தத் தொண்ணூறு அடி தூரம்தான்.