ஒற்றை முள் கடிகாரத்தைப் பற்றிப் பேசப் போனது

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரில், எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டைப்பைக் கடிகாரம் செய்த குடியேறிகளைப் பற்றிப் பேச வேண்டும். தலைப்பு நானே கேட்டு வாங்கியது, யாரும் வற்புறுத்தவில்லை. விசேஷம் என்னவென்றால், நான் வாயைத் திறந்தாலே ஹெட்ஃபோனைத் தேடுகிற என் மகள் சன்னிவேலிலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டாள்.

"வாட்சஸ்? தட்ஸ் ஆக்சுவலி கூல், அப்பா."

அவள் வாயிலிருந்து எனக்கு இப்படி ஒரு சொல் விழுந்ததே இல்லை. மாலையில் ஆஸ்பத்திரி டியூட்டி, கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

விழுந்து விழுந்து படித்தேன். மதக் கொடுமைக்குத் தப்பி பிரான்சிலிருந்து லண்டன் வந்தவர்கள். அந்நியர்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூர்க் கடிகாரக்காரர்கள் ராஜாவிடம் மனுக் கொடுத்தார்கள். கிரீன் கார்டு வரிசையில் தலை நரைத்தவனுக்கு இதற்கு உரை தேவையில்லை. அந்தக் கடிகாரங்களிலோ நிமிட முள்ளே கிடையாது. மணி முள் ஒன்றுதான், அதுவும் தாறுமாறாக ஓடும். சீமான்கள் அதை நகையாக மாட்டிக்கொண்டு, சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

எங்கள் சங்க அழைப்பிதழும் அந்த ரகம்தான். மூன்று மணி என்று போட்டால் நாலரைக்குத்தான் குத்துவிளக்கு. பல வருட அனுபவத்தில் மனதுக்குள் திருத்திக்கொண்டு நாலரைக்கு நிதானமாகப் போனேன்.

மேடையில் பரதநாட்டியம் நடந்துகொண்டிருந்தது. புதுச் செயலாளர் ஓடி வந்தார்.

"என்ன அங்கிள், ஃபர்ஸ்ட் ஸ்பீக்கரே நீங்கதானே! எத்தன தடவ அனௌன்ஸ் பண்றது?"

"மூணுக்கேவா ஆரம்பிச்சீங்க?"

"ஹால சீக்கிரம் காலி பண்ணணும். மெயில் பாக்கலையா?"

"சங்கத்து மெயில எவன்யா பாப்பான்? இப்பப் பேசிடறேன்."

"அடுத்து கிட்ஸ் ஃபேன்சி டிரஸ் அங்கிள். பேரன்ட்ஸ் என்னைக் கொன்னுடுவாங்க."

டியூட்டிக்குக் கிளம்பிவிட்ட மகளைப் பார்க்கிங்கில் பிடித்தேன். மூன்று மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் என் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, தலையைக் குனிந்துகொண்டாளாம்.

"மூணுன்னா நாலரைன்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். யார்மேல் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை.

"த்ரீ மீன்ஸ் த்ரீ, அப்பா. ஐ ஹாவ் டு கோ."

"ஒரே நிமிஷம்மா."

கார் கண்ணாடியை இறக்கினாள். "யுவர் மினிட் ஆர் மை மினிட்?"

"உன்னோடதுதான்" என்று குறிப்புத் தாளைப் பிரித்தேன். பிரெஞ்சுக்காரர்களைக் கப்பலேற்றி லண்டனில் இறக்குவதற்குள் கார் ஃப்ரீவே பக்கம் திரும்பிவிட்டது.