அட்டைப்பெட்டியில் பாதி வளைகோடு

வளைகுடா நாட்டில், குதைபியா என்ற பகுதியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஒருநாள் சாயங்காலம் என் கணவர் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஏ.சி. டெக்னீஷியன், புது ஏ.சி. வந்த பெட்டிகள். வாடகை ஏறிவிட்டது, ஒரு சம்பளத்தில் மூன்று பேர் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனக்கு வேலை கிடைத்தால் ஒன்றாக இருப்போம், இல்லாவிட்டால் நானும் குழந்தையும் ஊருக்கு. சாமான்களைக் கார்கோவில் போடத்தான் அந்தப் பெட்டிகள். இன்டர்வியூவே முடியவில்லை, அதற்குள் மூட்டை கட்டவா என்று கத்தினேன். அவர் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்: வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது, வரைபடம் வரைவது. கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பட்டப்படிப்பு வரை தமிழ் வழி. ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோபத்தோடு ஒரு பெட்டியைக் கிழித்து விரித்துச் சுவரில் சாய்த்தேன். அதுதான் கரும்பலகை. டியூட்டி முடிந்து வருகிற கணவர்தான் மாணவர்.

√(x+7) = x − 5 என்று எழுதினேன். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 9, 2 என்று இரண்டு விடை வரும். இரண்டையும் முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். 9 போட்டால் இரு பக்கமும் 4. 2 போட்டால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் மைனஸ் 3. ஆகவே 2 தள்ளுபடி. பிறகு √(x+7) என்பதன் வளைகோட்டை மைனஸ் ஏழில் தொடங்கி வலப்பக்கமாக மேலே ஏற்றினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே மறித்தார்.

“மைனஸ் மூணையும் மைனஸ் மூணையும் பெருக்குனா ஒம்பதுதான? அப்போ கீழ்ப்பாதி எங்கட்டி போச்சு?”

மூலக்குறி போட்டால் மேல்பாதி மட்டும்தான், விதி அப்படி என்றேன். மனுஷன் விடவில்லை, தினமும் அதே கேள்வி. ஒருநாள் பொறுமை போய், ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் ரூமுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குளிர் வருமா என்று சீறினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அட்டையைப் பார்த்தார்.

“ரெண்டு வந்தா அது மெஷினே இல்லட்டி. சரி, மேல்பாதி போதும்.”

அவருக்காகக் கீழ்ப்பாதியைப் புள்ளிக்கோடாகப் போட்டுக் காட்டினேன். x − 5 என்ற நேர்கோடு அந்த இல்லாத பாதியை எங்கே வெட்டியது தெரியுமா? சரியாக 2இல். நாங்கள் தள்ளிய விடை அங்கேதான் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடம் கணக்குப் போட்டும் இதை நான் பார்த்ததே இல்லை.

பள்ளியில் நடத்திக் காட்டிய அன்று பாதிப் பாடம் சுமாராகத்தான் போயிற்று. வளைகோட்டை வரைந்ததும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கி, மீதிப் பாதி எங்கே என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயமும் போய்விட்டது. ஏ.சி. ரிமோட்டைச் சொன்னேன், புள்ளிக்கோடு போட்டேன். என் ஆங்கிலம் நொண்டியடித்தது. ஆனால் பிள்ளைகள் கூடவே வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். கணவர் எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து மீதியிருந்த அந்த இன்னொரு பெட்டியை இழுத்து, கத்தியால் நாலு மூலையும் அறுத்து விரித்து, சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“அடுத்து என்ன பாடம்?”