பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். ரத்தக் கறையோ சூப்பர்வைசரின் வாயோ, எதற்கும் அசரமாட்டாள். மகளின் பள்ளிக்கூட எண் ஃபோனில் வந்தால் மட்டும் எடுக்கவே பயம். அந்த எண்ணிலிருந்து நல்ல சேதி வந்த சரித்திரமே கிடையாது. கணக்கில் மறுபடி முட்டை, வகுப்பில் வாயே திறப்பதில்லை, இப்படித்தான். போன தடவை மகளின் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு புகார் வந்தால் படிப்பு போதும், உன்னோடு வேலைக்குக் கூட்டிப்போ. கெட்டவரில்லை. அவமானம் தாங்காதவர்.

இன்று மறுபடி அந்த எண். அவள் எடுக்கவில்லை. ஆனால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை விரிப்பை மடிப்பது? சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கி, ஈர ஏப்ரனோடு பள்ளிக்கு ஓடினாள்.

கணக்கு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்க டீச்சர். அவள நான் பாத்துக்கறேன்."

"முதல்ல உக்காருங்கம்மா. இன்னைக்கு உங்க பொண்ணு தானா எந்திரிச்சு, 'புரியல டீச்சர், இன்னொரு தடவ சொல்லுங்க'ன்னு கேட்டா."

"அப்புறம் என்ன பண்ணிட்டா?"

"ஒண்ணும் பண்ணல. அவ கேட்டப்பறந்தான் பாதி வகுப்புக்குப் புரியலன்னு எனக்கே தெரிஞ்சுது. திரும்ப நடத்தினேன். கடைசிக் கணக்க அவளே போர்டுல போட்டா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

குறை சொல்ல மட்டும் ஃபோனை எடுத்தால் பிள்ளைக்கு வீட்டில் அடி விழுமே தவிரப் படிப்பு ஏறாது, நல்லதையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று புதுத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறாராம். டீச்சர் விளக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்துக்கு அழுது அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் சட்டென்று நிறுத்தவும் தெரியவில்லை.

"இத அவங்க அப்பாகிட்டயும் சொல்லிடுங்க டீச்சர். நான் சொன்னா, பொண்ணக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நெனப்பாரு."

டீச்சர் பள்ளிக்கூட ஃபோனிலிருந்து உடனே கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மனுஷனுக்கும் அதே பயம். அவள் தன் ஃபோனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்துவிட்டார். டீச்சர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது.

"புரியல டீச்சர். இன்னொரு தடவ சொல்லுங்க."