முதலில் எதை மூட வேண்டும்

தேர்ச்சி பெறக் கூடாத ஒரு மாணவனை நான் தேர்ச்சி பெற வைத்தேன். அதற்கு முன்பே, அவன் விரும்பியதைப் படிக்கவிடாமலும் செய்தேன்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் விரிவுரையாளராக இருந்தேன். அவன் சாஆ என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பையன். கேட்டது புள்ளியியல், கிடைத்தது எங்கள் துறை. முதல் பருவம் முடிந்ததும் துறை மாற என் கையெழுத்துக் கேட்டு வந்தான்.

“சார், இது மண்டையில ஏறல. எனக்குக் கணக்குதான் வரும். மாத்திக்கிறேன் சார்.”

“இந்த சீட்டு கெடைக்காம நம்ம பிள்ளைங்க எத்தனை பேரு அழுவுதுங்க தெரியுமா? புள்ளியியல் படிச்சிட்டு என்னா, ரோட்டுல லோரி எண்ணப் போறியா?”

வகுப்பில் அவன் ஒருவன்தான் தமிழன். அவன் போனால் எனக்குத் தலைகுனிவு என்று நினைத்தேன். கையெழுத்துப் போடவில்லை.

இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில், ரசாயனங்கள் வினைபுரிந்து சூடேறும் ரியாக்டர் கலனுக்குப் போகும் குளிர்நீர் நின்றுபோனால் முதலில் எதை மூடுவாய் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. பதிலை நானே சொல்லி, அவன் சொன்னதாக மதிப்பெண் போட்டேன்.

இப்போது ஓய்வுபெற்று, ஜொகூரிலேயே பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறேன். மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஓர் ஆலையின் புகைபோக்கி தெரியும். காற்று திரும்பும் நாள்களில் அழுகிய முட்டை வாடை வரும். ஒரு கல்யாண விருந்தில் அவன் வந்து என் காலைத் தொட்டான். பேச்சுவாக்கில், என் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அந்தப் புகைபோக்கியைப் பற்றிச் சொன்னேன்.

“அந்த ஃபேக்டரிலதான் சார், ஷிஃப்ட் இன்ஜினியர். எல்லாம் உங்களாலதான்.”

பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுவாரம் செனாயில் அவன் வீட்டுக்குப் போய், அந்த மதிப்பெண் உன்னுடையதல்ல என்றேன். சிரித்தான்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்.”

“அப்ப எப்படிடா வேலை பாக்குற?”

“கம்ப்யூட்டர் பாத்துக்கும் லா.”

“வேற வேலைக்கு மாறிடு.”

“மாறிக்கிறேன்னு அன்னிக்கே கேட்டேனே, விட்டீங்களா? இப்ப வீட்டுக் கடன், ரெண்டு பிள்ளைங்க.”

பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதினேன். கவனத்தில் கொள்வதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். பிறகு அவனிடம், வேலையில் எப்போது சந்தேகம் வந்தாலும் போனில் என்னைக் கூப்பிடு என்றேன். கூப்பிட ஆரம்பித்தான். அவன் குரலுக்குப் பின்னால் அபாய மணி அடிக்கும். நான் சொல்வேன், அவன் வைத்துவிடுவான். நான் மாடிக்குப் போய்ப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வாரம், வாய்மொழித் தேர்வில் நான் கேட்ட அதே பழைய கேள்வியை அவன் என்னிடம் கேட்டான். வருடக்கணக்காகப் பாடம் நடத்திய பதில் எனக்கு வரவில்லை.

“சார்? இருக்கீங்களா சார்?”

உள்ளே போகும் ரசாயனக் குழாயை மூடு என்று நினைவு வந்தபோது தொடர்பு அறுந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். கடைசியில் எடுத்தான்.

“ஒண்ணும் ஆவல சார். மணி அதுவா நின்னுருச்சி.”

ஏன் நின்றது என்று கேட்டேன்.

தெரியாது என்றான்.