கிறிஸ்தோபர் வீட்டுக்கு மேலே ஒரு காணி

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் நாங்கள் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அகதிகளாகக் கிடந்தபோது என் மூத்தவள் பெரியபிள்ளையானாள். மாற்றிக் கட்ட ஒரு துண்டுத் துணி என்னிடம் இல்லை. நூறு பேர் படுத்திருக்கிற இடத்தில் யாரிடம் போய் வாய் திறந்து கேட்பது? அன்று பின்னேரம் என் மூட்டைக்குள் கை விட்டேன். துவைத்துக் காயவைத்து, அளவாகக் கிழித்து மடித்த வெள்ளைத் துணி இருந்தது. ஓரத்தில் நீல நூல் பின்னல். அதே நீலப் பின்னலை முந்தின நாள் குழாயடியில் அருள்மணி அக்காவின் உள்பாவாடையில் பார்த்திருந்தேன். கட்டிய துணியோடு ஓடி வந்தவர்தான் அவரும்.

அந்த மனுஷிதான் பிறகு பதினேழு வருஷம் ஒருவரைத் தினமும் தலைகுனிய வைத்தார். நல்லதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைத்தால் அது அவரைப் பற்றி எழுதியதாகாது.

அக்கா தையல் வேலை செய்தவர். புருஷன் வின்சன்ட், மிளகும் கொக்கோவும் வாங்குகிற கடையில் தராசில் நிற்பவர், மூச்சிழுப்புக்காரர். டவுனில் லாபிர் முதலாளியின் வீட்டில் பதினொரு வருஷம் வாடகைக்கு இருந்தார்கள். ரோட்டைப் பார்த்த முன்னறை உள்ள வீடு. பக்கத்து வீட்டில் கிறிஸ்தோபர். எங்கள் கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசிப்பவர். அவருடைய மனைவி சிங்களவர் என்பதால் கலவரத்தில் அவர்களை யாரும் தொடவில்லை. ஓடுகிற அவசரத்தில் அக்கா வீட்டுச் சாவியைக் கிறிஸ்தோபர் கையில்தான் கொடுத்துவிட்டு ஓடினார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பிப் போனார்கள். முன்னறையில் பலகை அடித்து, சவர்க்காரமும் கருவாடும் அடுக்கி, கிறிஸ்தோபர் கடை போட்டிருந்தார். அக்கா லாபிர் முதலாளியிடம் ஓடினார். முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டதா அவர்தானே வந்து சொன்னார்! கோயில்ல வாசிக்கிற மனுஷன் சொன்னா நான் நம்பாம இருப்பேனா? அவர் பேருக்கு வாடகை எழுத்தும் எழுதிக் குடுத்துட்டேனே, தங்கச்சி."

அந்த வருஷங்களில் அது யாரும் நம்பக்கூடிய பொய். தேயிலைத் தொழிலாளர் தோட்டம் தோட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். இரண்டு கிழமை ஒருவரைக் காணவில்லை என்றால் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றே பேச்சு. எழுத்தோடு குடியேறிவிட்ட வாடகைக்காரரை எழுப்பி வெளியேற்ற முதலாளிக்குச் சட்டமும் இடம் தரவில்லை.

வின்சன்டின் அண்ணன் இருந்த தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை அறைகளுக்குப் போனார்கள். ஒரே காம்பராவில் எட்டுப் பேர், அதற்குள்ளேயே அடுப்பு. அந்தப் புகையில் வின்சன்ட் இரண்டு மழைக்காலம் தாங்கினார். செத்த வீட்டுக்குக் கிறிஸ்தோபர் மெழுகுதிரியோடு வந்தார். அக்கா எழுந்து வாசலை மறித்தார்.

"அங்கேயே நில்லுங்க ஐயா. இது சின்ன காம்பரா. பெரிய வீட்டுக்காரங்க நிக்க எடமில்ல."

அன்றிலிருந்து செபமாலை சொல்லும்போது பிறரை மன்னிக்கிறோம் என்று வருகிற வரியில் மட்டும் அக்காவின் உதடு அசையாது. பக்கத்தில் முழந்தாளில் நின்ற எனக்குத்தான் அது தெரியும்.

வின்சன்டின் ஈ.பி.எஃப். சேமிப்புப் பணம் பதினெட்டாயிரம் வந்தது. மகள் மரிய கொறற்றிக்கு அப்போது பதினைந்து வயது. "இனி ஒருத்தன் வீட்டுல வாடகைக்கு இருக்க மாட்டேன், தங்கச்சி. கோழிக்கூடு அளவு இருந்தாலும் சொந்தமா இருக்கணும்" என்றார் அக்கா. தரகர் புஹாரி காணி காட்ட, நானும் கொறற்றியும் கூடவே அலைந்தோம்.

கலேவெலயில் கால் ஏக்கர் கிடைத்தது. சமதரை, கட்டிய கிணறு, இரண்டு மாமரம், பதின்மூவாயிரம்தான். மிச்சத்தில் ஓட்டுக்கூரையே போடலாம். கொறற்றி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கேயே இருப்போம்மா" என்று கையைப் பிடித்தாள். அக்காவுக்கும் பிடித்தது. திங்கட்கிழமை முற்பணம் கொடுப்பதென்று பேச்சு.

திரும்பி வரும்போது பஸ் அலுவிகாரையில் நின்றது. புஹாரி சும்மா கையை நீட்டிக் காட்டினார்.

"அந்த மேட்டுலயும் பத்துப் பேர்ச் துண்டு ஒண்ணு கெடக்கு, இப்ப பார்த்ததுல கால்வாசி. முழுக்கக் கல்லு. எண்பது படி ஏறணும். பதினாறாயிரம் கேக்கிறாங்க, பைத்தியம்தான் வாங்கும். ஒரு ஊத்து மட்டும் இருக்கு. அதையும் கீழ் வீட்டுக்காரர் குழாய் போட்டு எடுக்கிறார்."

"யாரு கீழ் வீட்டுக்காரர்?" என்றார் அக்கா.

"டவுன்ல கடை வச்சிருக்காரே, கிறிஸ்தோபர். புதுசா வீடு கட்டிக் குடி வந்திருக்கார். கிணறு தோண்டிப் பார்த்தார், பத்தடியில பாறை. இந்த ஊத்து இல்லன்னா ரோட்டுக் குழாய்க்குத்தான் வாளி தூக்கணும்."

பஸ் புறப்பட மணி அடித்தது. அக்கா இறங்கிவிட்டார். நாங்களும் பின்னால் ஓடி இறங்கினோம். எண்பது படியும் நிற்காமல் ஏறினார். கல்லிடுக்கில் சுரந்த ஊற்றையும், அதிலிருந்து கீழே ஓடிய கறுப்புக் குழாயையும், அந்தக் குழாய் போய்ச் சேர்ந்த ஓட்டு வீட்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"இது போதும்" என்றார்.

"அக்கா, கொறற்றிய நெனச்சுப் பாருங்க. கலேவெலயில கிணறு இருக்கு, நெழல் இருக்கு..."

"அங்க கிறிஸ்தோபர் இல்லையே, தங்கச்சி."

கொறற்றி படியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. புஹாரி தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, பைத்தியம்னு சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

காணி உறுதிப் பத்திரம் எழுதியபின் மிஞ்சிய காசில் அக்கா முதலில் வீடு கட்டவில்லை. ஊற்றைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டி, இரும்பு மூடி போட்டு, கீழே போகும் குழாய்க்கு ஒரு அடைப்பு வைத்து, பூட்டும் போட்டார். தாயும் மகளும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். கிறிஸ்தோபரின் மனைவி இரண்டு கிழமை ரோட்டுக் குழாயில் வாளி சுமந்தார். மூன்றாவது கிழமை கிறிஸ்தோபர் மூச்சிரைக்க மேலே வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, தண்ணிய நிப்பாட்டாதீங்க. சின்னப் புள்ளைங்க இருக்கு. மாசாமாசம் காசு தாறேன்."

"காசு வேணாம். ஒரே ஒரு வார்த்தை போதும், ஐயா. தினமும் காலையில ஒங்க வாசல்ல நின்னு, 'அருள்மணி இந்தியாவுக்குப் போகல, நான்தான் பொய் சொன்னேன்'னு சத்தமா சொல்லுங்க. ஒரு மணித்தியாலம் தெறந்து விடுறேன்."

"அக்கா, ஊரு சிரிக்கும்!"

"கோயில்ல நல்லாத்தானே வாசிக்கிறீங்க. அதே கொரல்ல வாசிங்க."

மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் சொன்னார். அலுவிகாரைச் சந்தியில் தேத்தண்ணீர் குடித்தவர்கள் முதலில் விளங்காமல் நின்றார்கள். விளங்கியபின் அதற்காகவே வந்து நின்றார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அவருக்கு முந்திச் சொல்லிவிட்டு ஓடும். அந்த வழியாகத் தினமும் போய்வந்த எனக்கும் கேட்கக் கேட்க இனித்தது. அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாளும் காது கொடுத்தேன்.

ஒரு தடவை கிறிஸ்தோபர் பூட்டை உடைத்தார். அக்கா குழாய்க்குள் சீமெந்தைக் குழைத்து அடைத்துவிட்டார். ஒன்பது நாள் வாளி. பிறகு அவரே புதுக் குழாயும் புதுப் பூட்டும் வாங்கி வந்து கொடுத்தார். வழக்குப் போடவும் பயம். போட்டால் டவுன் வீட்டுக் கதை நீதவான் முன்னால் வரும், பொய் சொல்லி எடுத்த கடையும் கையை விட்டுப் போகலாம்.

எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக்காரரும் ராணுவமும் மாறி மாறி ஆட்களைத் தூக்கிய காலத்தில், ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கத்தினால் யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற பயம். கிறிஸ்தோபர் படியேறி வந்து மெதுவாகச் சொன்னார்.

"கேக்கல" என்றார் அக்கா.

"அக்கா, காலம் தெரியாதா? ஆளையே தூக்கிடுவானுங்க."

"அப்போ காதுக்குள்ள சொல்லுங்க. சொல்லாம மட்டும் போயிறாதீங்க."

அவர் குனிந்து காதுக்குள் சொன்னார். தண்ணீர் திறந்தது.

பங்குச் சாமியாரும் ஒருநாள் படியேறி வந்தார். "அம்மா, அந்த மனுஷன மன்னிச்சிருங்க" என்றார். அக்கா கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மன்னிக்கலன்னா தண்ணி குடுப்பேனா, சாமி?" சாமியார் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கல்லில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூடப் பிடிக்கவில்லை. தையல் கொடுக்க வந்தவர்கள் எண்பது படியைப் பார்த்துத் திரும்பினார்கள். கொறற்றி கலியாணம் கட்டி நாவுலைக்குப் போனாள். "அந்த மேட்டுக்கு என் புள்ளைய தூக்கிட்டு வர மாட்டேன்" என்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவாள். அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போயிற்று. கடைசியில் பிரம்பு ஊன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கினார். காணியை வாங்கக் கிறிஸ்தோபர் நாலு மடங்கு விலை சொல்லி ஆள் அனுப்பினார். அக்கா சிரித்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் கொறற்றி வந்து, இனித் தனியே இருக்க விடமாட்டேன் என்று சாமான்களைக் கட்டினாள். அக்கா மறுக்கவில்லை. போகிற காலையிலும் கிறிஸ்தோபர் வாசலில் நின்று சொன்னார். அவருக்கும் அறுபத்தைந்து வயது. அக்கா ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டு, பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"சாவிய என்கிட்டயாச்சும் குடுத்துட்டுப் போங்கக்கா. வயசான மனுஷன். பொஞ்சாதி வேற படுக்கையில கெடக்கு. நான் தெறந்து விடுறேன். அவர் சொல்றத நின்னு கேட்டுட்டுத்தான் தெறப்பேன்."

அக்கா யோசித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான் கையை நீட்டினேன். சாவியை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் இறுக்கி முடிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினார். அடுத்த வருஷம் நாவுலையிலேயே இறந்துபோனார். அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. பஸ் நகரும்போது யன்னலால் தலையை நீட்டிச் சொன்னது இதுதான்:

"தண்ணி வேணும்னா நாவுலைக்கு வரச் சொல்லு, தங்கச்சி. பஸ் இருக்குத்தானே. கொறற்றி வீட்டு வாசல்ல வந்து நின்னு, அந்த ஊரு சனத்துக்கும் கேக்கிற மாதிரி சொல்லட்டும்."